பெரிய கப்பல் எஞ்சின் முரண்டு பிடித்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

இது மெதுவேக டூ ஸ்ட்ரோக் மெயின் எஞ்சினுக்கான வழிமுறை. கிராஸ்ஹெட் (பிஸ்டன் ராடையும் கனெக்டிங் ராடையும் இணைக்கும் மூட்டு) வைத்தது, கியர்பாக்ஸ் இல்லாமல் நேராக புரொப்பல்லரைச் சுற்றுவது, நிமிடத்துக்கு 100 சுற்றை ஒட்டி ஓடுவது. புதிதாக வாட்ச் (எஞ்சின் ரூமில் முறைவைத்துப் பார்க்கும் பணி) எடுக்கும் ஜூனியர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். கப்பலில் வேலை செய்யாவிட்டாலும் இந்த எஞ்சின்கள் மேல் தீராத ஆசை கொண்டவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள், அவர்களும் தாராளமாகப் படிக்கலாம். ஓடும் எஞ்சினில் ஆயில் மிஸ்ட் (கிராங்க்கேஸுக்குள் எழும் ஆயில் புகை) அலாரமோ ஸ்காவஞ்ச் (சிலிண்டருக்குக் காற்று போகும் பெட்டி) சூடோ வந்திருந்தால் வரிசையாகப் படிக்க வேண்டாம், நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: ஒரு யூனிட்டில் (ஒரு சிலிண்டரும் அதன் பாகங்களும்) மட்டுமா, எல்லா யூனிட்டிலுமா? ஒன்றில் மட்டும் என்றால் அந்த யூனிட்டின் ஃப்யூல் வால்வு, எக்ஸாஸ்ட் வால்வு, பிஸ்டன் ரிங் என்று தேடல் சுருங்கிவிடும். எல்லாவற்றிலும் என்றால் எல்லோருக்கும் பொதுவான காற்று, எண்ணெய் (எரிபொருள்), தண்ணீர், கப்பலின் அடிப்பாகம் என்று வெளியே போக வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஸ்பேனரை எடுத்தால் ஒரு நாள் வீணாகும்.

இந்த எஞ்சின்களின் அளவை ஒருமுறை நினைத்துப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். 2006இல் வந்த எம்மா மேர்ஸ்க் கப்பலில் இருக்கும் வார்ட்சிலா ஆர்டி-ஃப்ளெக்ஸ் 96சி எஞ்சினுக்கு 14 யூனிட். சிலிண்டர் விட்டம் 960 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 2.5 மீட்டர், 102 சுற்றில் 80,080 கிலோவாட். வகுத்துப் பார்த்தால் ஒரு யூனிட்டுக்கு 5,720 கிலோவாட். 'ஒரு யூனிட் சரியில்லை' என்றால் ஒரு பெரிய ரயில் எஞ்சினே சரியில்லை என்பது போல. ஆனால் நமக்குச் சாதகமான விஷயமும் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு யூனிட்டுக்கும் எல்லாம் தனித்தனி, ஒன்றின் மேல் சந்தேகம் வந்தால் பக்கத்தில் ஓடுவதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

கீழே சொல்லும் எண்கள் பொதுவானவை. உங்கள் எஞ்சினின் மேக்கர் புத்தகத்தில் வேறு எண் இருந்தால் அதுதான் செல்லும்.

## ஏர் கொடுத்தும் எஞ்சின் சுற்றவில்லை

டர்னிங் கியர் (நின்ற எஞ்சினை மெதுவாகச் சுற்றும் மோட்டார் கியர்) கழற்றப்பட்டதா என்று பாருங்கள். மாட்டியிருந்தால் இன்டர்லாக் என்ற பாதுகாப்புத் தடை எஞ்சினைக் கிளப்பும் அழுத்தக் காற்றை (ஏர்) விடாது. சில நேரம் கழற்றியிருந்தும் அதன் லிமிட் சுவிட்ச் சரியாகப் படியாமல் இருக்கும், அதையும் கையால் தொட்டுப் பாருங்கள். அடுத்தது ஏர் பாட்டில் வால்வு திறந்திருக்கிறதா, அழுத்தம் 25-30 பாரில் இருக்கிறதா, கன்ட்ரோல் ஏர் 7 பார் வருகிறதா. இயக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச் பிரிட்ஜில் இருக்க, கன்ட்ரோல் ரூமிலிருந்து முயல்வதும் நடக்கும்.

இவை எல்லாம் சரி என்றால் எஞ்சின் பக்கத்து லோக்கல் ஸ்டாண்டிலிருந்து முயலுங்கள். இதுதான் இந்தப் பகுதியின் முக்கியமான கிளை.

லோக்கலில் சுற்றினால் எஞ்சின் நன்றாகவே இருக்கிறது, கோளாறு ரிமோட் கன்ட்ரோலில். சோலனாய்டு வால்வு, ஏர் குழாயில் தேங்கிய தண்ணீர், வேலை செய்யாத ஒரு சென்சார் என்று பார்க்கலாம். அதுவரை லோக்கலில் ஓட்டிக்கொள்ளலாம்.

லோக்கலிலும் சுற்றாவிட்டால் எதிர்த்திசையில் ஒரு உதை கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். யூனிட் குறைவாக உள்ள எஞ்சினில் ஒரு ஸ்டார்டிங் வால்வு ஒட்டிக்கொண்டிருந்தாலும், கிராங்க் நிற்கும் இடத்தைப் பொறுத்து எஞ்சின் அசையாமல் நிற்கும். எதிர்த்திசையில் புறப்பட்டால் சந்தேகம் ஸ்டார்டிங் வால்வு மேலும், எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்று ஏர் அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் மேலும் விழுகிறது. இரண்டு திசையிலும் அசையவில்லை, ஏர் போகும் சத்தமும் இல்லை என்றால் மெயின் ஸ்டார்டிங் வால்வு திறக்கவில்லை.

ஏர் போகிறது, ஆனால் எஞ்சின் அசைய மறுக்கிறது என்றால் அங்கேயே நிறுத்துங்கள். இண்டிகேட்டர் காக் (சிலிண்டர் தலையில் உள்ள சிறு வால்வு) எல்லாவற்றையும் திறந்து, டர்னிங் கியர் மாட்டி, அதன் ஆம்பியரைப் பார்த்தபடி ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஏதாவது காக்கிலிருந்து தண்ணீர் வந்தால் ஜாக்கெட் (சிலிண்டரைச் சுற்றியுள்ள குளிரூட்டும் தண்ணீர்) கசிகிறது. தண்ணீர் நிற்கும் சிலிண்டரில் ஏர் கொடுத்தால் கனெக்டிங் ராடே வளையலாம். ஆம்பியர் வழக்கத்தைவிட ஏறினால் பேரிங், அல்லது புரொப்பல்லரில் சுற்றிய கயிறு. இங்கே சீஃப் என்ஜினியருக்குச் சொல்லாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது.

முயற்சிகளை எண்ணிக்கொண்டே இருங்கள். திசை மாற்றி ஓடும் எஞ்சினுக்கு, பாட்டிலை மறுபடி நிரப்பாமல் 12 ஸ்டார்ட் கிடைக்க வேண்டும் என்பது கிளாஸ் (கப்பல் தரச்சான்று அமைப்பு) விதி. துறைமுக வாயிலில் அந்த 12 சீக்கிரம் தீர்ந்துவிடும்.

## சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை

ஏதாவது ஷட்டவுன் ரீசெட் செய்யப்படாமல் இருக்கிறதா என்பதே முதல் சோதனை. லூப் (மசகு) ஆயில் அழுத்தம் குறைந்து விழுந்த ஷட்டவுன் அப்படியே நின்றால் ஃப்யூல் பம்ப் எண்ணெயைத் தள்ளாது. அடுத்து, ஸ்டார்ட் கொடுக்கும்போது ஒருவர் ஃப்யூல் ரேக்கை (பம்ப் தள்ளும் எண்ணெயின் அளவை மாற்றும் தண்டு) பார்க்க வேண்டும். ரேக் நகரவில்லை என்றால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரோ, அதை ரேக்கோடு இணைக்கும் லிங்கேஜோ. நகர்ந்தும் பற்றவில்லை என்றால் எண்ணெய் வந்து சேரவில்லை, அல்லது வந்த எண்ணெய் சரியில்லை.

ஹெவி ஃப்யூல் என்றால் இன்ஜெக்ஷனுக்கு முன் விஸ்காசிட்டி (எண்ணெயின் கெட்டித்தன்மை) 10-15 சென்டிஸ்டோக்ஸில் இருக்க வேண்டும். ஹீட்டர் நின்றுபோயிருந்தால் பற்றாது. டேங்கின் குயிக் குளோசிங் வால்வு (அவசரத்தில் எண்ணெயை நிறுத்துவது) விழுந்திருக்கிறதா, ஃபில்டர் அடைத்திருக்கிறதா, குழாயில் காற்று நிற்கிறதா, சர்வீஸ் டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பாருங்கள். ஆக்ஸிலரி புளோயர் இரண்டும் ஓட வேண்டும். இந்த எஞ்சினுக்குத் தானாக மூச்சு இழுக்கத் தெரியாது. எக்ஸாஸ்ட் வாயுவால் சுற்றிக் காற்றை அமுக்கும் டர்போசார்ஜர் வேகம் பிடிக்கும்வரை காற்றை ஊட்டிவிடுவது புளோயர்தான்.

பலமுறை பற்றாமல் போன பின்பு அப்படியே அடுத்த ஸ்டார்ட் கொடுக்காதீர்கள். எரியாத எண்ணெய் பிஸ்டன் தலையில் தேங்கியிருக்கும். இண்டிகேட்டர் காக்கைத் திறந்து ஊதி வெளியேற்றிய பிறகுதான் மறுபடி முயல வேண்டும்.

எலக்ட்ரானிக் கன்ட்ரோல் எஞ்சினில் இதோடு ஹைட்ராலிக் ஆயில் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். அந்த அழுத்தம் எழாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வும் திறக்காது, இன்ஜெக்ஷனும் நடக்காது.

## ஒரு யூனிட்டில் மட்டும் எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறுகிறது

அடிக்கடி வருவதும், பொறுமையாகப் பார்த்தால் அதிகம் கற்றுத்தருவதும் இந்தக் கோளாறுதான். சராசரியிலிருந்து 50 டிகிரி விலகினால் பொதுவாக அலாரம் அடிக்கும். ஆனால் அலாரம் வரும்வரை காத்திருப்பது நல்ல வாட்ச் கீப்பிங் இல்லை. நேற்று எவ்வளவு இருந்தது என்று லாக் புத்தகத்தைப் புரட்டுங்கள். ஒரு வாரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதா, ஒரே வாட்ச்சில் தாவியதா? மெதுவாக ஏறினால் தேய்மானம் அல்லது அழுக்கு. தாவினால் உடைந்தது, ஒட்டியது, அல்லது பொய் சொல்லும் சென்சார்.

முதலில் அந்த ஸ்காவஞ்ச் பகுதியின் வெப்பத்தைப் பாருங்கள். அதுவும் ஏறியிருந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு 'ஸ்காவஞ்ச் பெட்டி சுடுகிறது' பகுதிக்குப் போங்கள்.

அது சாதாரணமாக இருந்தால் சென்சாரைச் சந்தேகியுங்கள். பக்கத்து யூனிட்டின் சென்சாரோடு மாற்றிப் போட்டால் சில நிமிடத்தில் உண்மை தெரியும். ஏறிய எண் சென்சாரோடு கூடவே நகர்ந்தால் எஞ்சினுக்கு ஒன்றுமில்லை.

எண் நகரவில்லையா? சரி, இண்டிகேட்டர் கருவியை எடுத்து அந்த யூனிட்டின் கம்ப்ரஷன் அழுத்தத்தையும் (எண்ணெய் எரியும் முன் பிஸ்டன் காற்றை அமுக்கும் அழுத்தம்) உச்ச அழுத்தத்தையும் (எரியும்போது எட்டும் அதிகபட்சம்) எடுங்கள். ஒரே லோடில், அடுத்தடுத்து எல்லா யூனிட்டுக்கும் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். இங்கிருந்து வழி மூன்றாகப் பிரிகிறது.

### கம்ப்ரஷன் சரி, உச்ச அழுத்தம் குறைவு

எண்ணெய் தாமதமாக எரிகிறது. வேலை செய்ய வேண்டிய வெப்பம் எக்ஸாஸ்டுக்குப் போகிறது. பெரும்பாலும் ஃப்யூல் வால்வுதான் காரணம்: நாசில் தேய்ந்து ஓட்டை பெரிதாகியிருக்கும், அல்லது ஊசி சரியாக உட்காராமல் சொட்டும். உயர் அழுத்தக் குழாயின் மேல் கை வைத்தால் துடிப்பு தெரியும். பக்கத்து யூனிட்டின் துடிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரிந்துவிடும். குழாயின் வெளி உறையில் கசிவு அலாரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

எஞ்சின் நின்றதும் அந்த யூனிட்டின் ஃப்யூல் வால்வுகளை மாற்றிவிட்டு, கழற்றியதை டெஸ்ட் பெஞ்சில் பாருங்கள். புது வால்வு போட்டும் மாறவில்லை என்றால் ஃப்யூல் பம்பின் டைமிங், சக்ஷன் வால்வு, கடைசியாகத் தேய்ந்த பிளஞ்சர் (பம்புக்குள் எண்ணெயைத் தள்ளும் தண்டு) என்று போங்கள். செலவும் அந்த வரிசையில்தான் கூடும்.

### இரண்டு அழுத்தமும் குறைவு

அழுத்தம் எங்கோ தப்பித்துப் போகிறது. போகக்கூடிய வழி இரண்டு: மேலே எக்ஸாஸ்ட் வால்வு, கீழே ரிங்.

எக்ஸாஸ்ட் வால்வை முதலில் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அதை மாற்றுவது பிஸ்டனை உருவுவதைவிட எளிது. ஸ்பிரிங் ஏர் சரியாக வருகிறதா? சில எஞ்சின்களில் வால்வு சுழல்வதைப் பார்க்க ஒரு சிறு கம்பி வைத்திருப்பார்கள். சுழலாத வால்வு ஒரே இடத்தில் சூடேறி சீட்டில் எரிந்து பள்ளம் விழும். எண்ணெயில் வனேடியமும் சோடியமும் அதிகம் இருந்தால் இந்த எரிதல் வேகம் பிடிக்கும். சீட் எரிந்த வால்வு ஒருவித சீறலோடு ஓடும். பழகிய காதுக்கு அது எஞ்சினின் தாளத்துக்கு இடையில் தனியாகக் கேட்கும். 100 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு யூனிட்டின் அடியையும் பிரித்துக் கேட்க முடிகிறது என்பது இந்த எஞ்சின்கள் மேல் எனக்குள்ள பிரியத்துக்குப் பெரிய காரணம்.

ரிங்கைப் பார்க்க எஞ்சின் நின்று ஆற வேண்டும். ஸ்காவஞ்ச் கதவைத் திறந்து, டர்னிங் கியரால் பிஸ்டனை மெதுவாக நகர்த்தி, போர்ட் (காற்று நுழையும் துளை) வழியாகப் பாருங்கள். ஒரு மரக்குச்சியால் ரிங்கை அழுத்தினால் நல்ல ரிங் உள்ளே போய்த் திரும்பி வரும். அசையவே இல்லை என்றால் கரியில் ஒட்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் தளர்ந்து ஆடினால் உடைந்திருக்கிறது. லைனரில் (சிலிண்டரின் உள்சுவர்) மேலும் கீழுமாகக் கோடு விழுந்திருந்தால் படம் எடுத்துக்கொண்டு சீஃபிடம் போங்கள். பிஸ்டன் ஓவர்ஹால் எப்போது என்பது அவர் எடுக்க வேண்டிய முடிவு.

### கம்ப்ரஷன் சரி, உச்ச அழுத்தம் அதிகம்

அந்த யூனிட்டுக்கு எண்ணெய் அதிகம் போகிறது, அல்லது சீக்கிரம் போகிறது. ரேக் இன்டெக்ஸை (ரேக் நிற்கும் இடத்தைக் காட்டும் எண்) மற்றவற்றோடு ஒப்பிடுங்கள். உச்ச அழுத்தம் சராசரியிலிருந்து 3 பாருக்கு மேல் விலகினால் திருத்த வேண்டும். ஆனால் எக்ஸாஸ்ட் வெப்பத்தை மட்டும் பார்த்து ரேக்கைத் திருகி எல்லா யூனிட்டையும் ஒரே எண்ணுக்குக் கொண்டுவருவது தவறான பழக்கம். வெப்பம் சமமாகும், சக்தி சமமாகாது, பேரிங்தான் பாடுபடும்.

கடலில் திருத்த முடியாத நிலை என்றால் அந்த யூனிட்டுக்கு ஃப்யூலை நிறுத்திவிட்டு, லோடைக் குறைத்து, மீதியோடு துறைமுகம் சேரலாம். அப்படி ஓடும்போது எந்த வேகத்தில் அதிர்வு ஆபத்தாகும் என்ற அட்டவணை மேக்கர் புத்தகத்தில் இருக்கும். அதைப் பார்க்காமல் வேகம் வைக்காதீர்கள்.

## எல்லா யூனிட்டிலும் வெப்பம் ஏறுகிறது

இங்கே யூனிட்டைத் திறப்பதில் பலன் இல்லை. காற்றைத் தேடிப் போங்கள். எஞ்சின் ரூம் ஃபேன் எல்லாம் ஓடுகிறதா, ஸ்காவஞ்ச் காற்றின் வெப்பம் எவ்வளவு? அது ஏறியிருந்தால் ஏர் கூலரின் தண்ணீர் பக்கம் அடைத்திருக்கிறது. வெப்பம் சரி, ஆனால் கூலருக்கு முன்னும் பின்னும் அழுத்த வித்தியாசம் கூடியிருக்கிறது என்றால் காற்றுப் பக்கம் அழுக்கு. டர்போசார்ஜரின் ஃபில்டரும் அப்படியே.

காற்று வரும் வழி சரி என்றால் போகும் வழியைப் பாருங்கள். டர்பைனில் படிவு, எக்ஸாஸ்ட் பாய்லரில் கரி. பாய்லருக்கு முன் பின்னழுத்தம் முழு லோடில் 300 மில்லிமீட்டர் நீர் அளவைத் தாண்டினால் கழுவ வேண்டும். அந்தக் கரியே ஒருநாள் பற்றிக்கொள்ளும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது.

எல்லாம் சுத்தம், ஆனால் அதே சுற்றுக்கு ரேக் இன்டெக்ஸ் முன்பைவிட அதிகம் என்றால் கோளாறு எஞ்சினில் இல்லை. கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்திருக்கிறது, அல்லது புரொப்பல்லர் அடிபட்டிருக்கிறது. டைவரோ டிரை டாக்கோதான் மருந்து.

## டர்போசார்ஜர் குரைக்கிறது

சர்ஜ் ஆகும்போது வரும் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார். அழுத்தம் தாளாமல் கம்ப்ரஸர் வழியாகக் காற்று திரும்பி வெளியே பாய்கிறது. சத்தம் கேட்டதும் வேகத்தைக் குறையுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

கடல் கொந்தளித்து புரொப்பல்லர் தண்ணீருக்கு மேல் வந்து போகும்போது ஒன்றிரண்டு முறை வந்தால் வேகத்தைக் குறைத்தாலே போதும். அமைதியான கடலில் வந்தால் மேலே சொன்ன காற்று வழி முழுவதையும் பாருங்கள்: ஃபில்டர், கூலர், டர்பைன், பாய்லர். ஏதாவது ஒரு யூனிட் எரியாமல் இருந்தாலும் சர்ஜ் வரும். ஸ்காவஞ்ச் தீயின் முதல் அறிகுறியாகவும் இது வருவதுண்டு, எனவே சத்தம் கேட்டால் ஸ்காவஞ்ச் வெப்பத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

கழுவுவதில் ஒரு வேறுபாடு உண்டு. டர்பைனைத் தண்ணீரால் கழுவ லோடைக் குறைக்க வேண்டும். நொறுக்கிய ஓடு போன்ற உலர் பொருளால் கழுவ லோடு அதிகமாக இருக்க வேண்டும். கம்ப்ரஸரைத் தண்ணீரால் கழுவுவதும் அதிக லோடில்தான். மாற்றிச் செய்தால் பலனும் இல்லை, பிளேடுக்கும் கேடு.

எஞ்சின் நின்ற பிறகு ரோட்டர் எவ்வளவு நேரம் சுற்றி ஓய்கிறது என்று குறித்து வையுங்கள். அந்த நேரம் குறைந்துகொண்டே வந்தாலோ, அதிர்வு கூடினாலோ, ஆயிலில் உலோகத் துகள் வந்தாலோ டர்போசார்ஜர் நிபுணரை அழைக்க வேண்டும். ரோட்டர் பேலன்ஸ் கப்பலில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

## ஸ்காவஞ்ச் பெட்டி சுடுகிறது

ஒரு யூனிட்டின் எக்ஸாஸ்ட் வெப்பமும் ஸ்காவஞ்ச் வெப்பமும் சேர்ந்து ஏறுகின்றன, டிரெயினில் புகையோ பொறியோ வருகிறது, பெட்டியின் பெயின்ட் கொப்பளிக்கிறது என்றால் உள்ளே தீ. ரிங் வழியாகக் கசிந்த தீப்பொறி கீழே தேங்கிய எண்ணெய்க் கசடைப் பற்றியிருக்கிறது.

பிரிட்ஜுக்குச் சொல்லி வேகத்தைக் குறையுங்கள். அந்த யூனிட்டின் ஃப்யூலை நிறுத்துங்கள், சிலிண்டர் ஆயிலைக் கூட்டுங்கள். ஸ்காவஞ்ச் டிரெயின்களை மூடுங்கள். சின்னத் தீ என்றால் தேங்கிய எண்ணெய் எரிந்து தானே அடங்கும். அடங்கவில்லை, பக்கத்து யூனிட்டுக்கும் பரவுகிறது என்றால் அனுமதி வாங்கி எஞ்சினை நிறுத்தி, ஆக்ஸிலரி புளோயர்களையும் நிறுத்தி, பொருத்தப்பட்டிருக்கும் ஸ்டீமையோ கார்பன் டை ஆக்சைடையோ விடுங்கள். கதவையும் ரிலீஃப் வால்வையும் நேருக்கு நேராகப் பார்த்து யாரும் நிற்கக் கூடாது.

ஆறும் முன் கதவைத் திறக்கவே கூடாது. திறந்த பிறகு சுத்தம் செய்தால் மட்டும் போதாது. ரிங், ஸ்டஃபிங் பாக்ஸ் (பிஸ்டன் ராட் கீழே இறங்கும் இடத்து அடைப்பு), லைனர், பெட்டியின் சுவர் என்று சூடு தொட்ட எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தீ பெரிதாக இருந்திருந்தால் எஞ்சின் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் டை போல்ட்டின் இறுக்கத்தையும் சோதிக்க வேண்டும், அங்கே கிளாஸ் சர்வேயரும் தேவை.

## ஸ்டார்டிங் ஏர் குழாய் சுடுகிறது

ஓடும்போது ஒவ்வொரு யூனிட்டின் ஸ்டார்டிங் ஏர் குழாயையும் தொட்டுப் பார்ப்பதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்த வால்வு மூடவில்லை, எரியும் வாயு குழாய்க்குள் வருகிறது. குழாயில் எண்ணெய்ப் படலம் இருந்து, அடுத்த ஸ்டார்ட்டில் 30 பார் காற்றும் வந்து சேர்ந்தால் குழாயே வெடிக்கும். அந்த யூனிட்டின் ஃப்யூலை நிறுத்துங்கள். எஞ்சினை நிறுத்தி ஸ்டார்ட் செய்யும் வேலை வருவதற்குள் பிரிட்ஜுக்குச் சொல்லிவிடுங்கள்.

எந்த வால்வு என்று உறுதி செய்ய, நின்ற எஞ்சினில் எல்லா இண்டிகேட்டர் காக்கையும் திறந்து, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் ஏரை மூடிவிட்டு, மெயின் குழாயில் மட்டும் ஏர் கொடுங்கள். எந்தக் காக்கிலிருந்து காற்று ஊதுகிறதோ அதுதான். எஞ்சின் திடீரென்று சுற்றவும் கூடும், ஆட்களை விலக்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

## ஆயில் மிஸ்ட் அலாரம்

உண்மை அலாரமா, அழுக்குப் படிந்த லென்ஸா என்று பார்க்க கிராங்க்கேஸ் பக்கம் போகாதீர்கள். எல்லா ஆயில் மிஸ்ட் அலாரமும் உண்மை என்றே நடந்துகொள்ளுங்கள். உள்ளே ஏதோ ஒரு பேரிங் சூடாகி ஆயிலை ஆவியாக்குகிறது, அந்த ஆவி குளிர்ந்து வெண்புகையாக நிற்கிறது. காற்றில் ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம் அளவை எட்டினால் அது வெடிக்கும் கலவை. அதனால்தான் டிடெக்டரை அதில் இருபதில் ஒரு பங்கான 2.5 மில்லிகிராமுக்குள் அலாரம் அடிக்கும்படி வைக்கிறார்கள்.

வேகத்தைக் குறைத்து, பிரிட்ஜிடம் நிறுத்த அனுமதி கேளுங்கள். நிறுத்தியதும் ஃப்யூல் சப்ளையை மூடி, ஆக்ஸிலரி புளோயர்களை நிறுத்தி, எஞ்சின் ரூம் ஸ்கைலைட்டைத் திறந்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். தீயணைப்புக் கருவிகள் தயாராக இருக்கட்டும்.

குறைந்தது 30 நிமிடம் கிராங்க்கேஸ் கதவைத் திறக்கக் கூடாது. சூடான இடம் இன்னும் உள்ளே இருக்கும்போது திறந்தால் நாமே புதுக் காற்றை ஊட்டிவிடுகிறோம். 1947 செப்டம்பரில் ரெய்னா டெல் பசிஃபிகோ கப்பலின் சோதனை ஓட்டத்தில் நடந்த கிராங்க்கேஸ் வெடிப்பில் 28 பேர் இறந்தார்கள். இந்த 30 நிமிடத்தை யாராவது அவசரத்தில் சுருக்கப் பார்த்தால் அந்தக் கணக்கை நினைவூட்டுங்கள்.

பிறகு ஆயில் பம்பை நிறுத்தி, ஸ்டார்டிங் ஏரை மூடி, டர்னிங் கியர் மாட்டி, ஒரு பக்கத்துக் கீழ்க் கதவுகளைத் திறந்து, மெயின் பேரிங், கிராங்க் பின், கிராஸ்ஹெட், கைடு ஷூ, செயின் என்று உரசும் பாகம் ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். நிறம் மாறிய உலோகம், பிதுங்கி வந்த வெள்ளை மெட்டல், கீழே விழுந்த செதில் இவையே சாட்சி. தீக்குச்சியும் வேண்டாம், திறந்த விளக்கும் வேண்டாம். சூடான இடம் கிடைக்கவில்லை என்றால்தான் லென்ஸையும் ஆயிலில் கலந்த தண்ணீரையும் சந்தேகிக்கலாம். கிடைத்துவிட்டால் மேக்கரின் சர்வீஸ் என்ஜினியர் வராமல் எஞ்சினை ஓட்டக் கூடாது.

## ஜாக்கெட் தண்ணீர் சூடாகிறது

வெளியேறும் தண்ணீர் 80-85 டிகிரியில் இருப்பது வழக்கம். எல்லா யூனிட்டிலும் ஏறினால் டெம்பரேச்சர் கன்ட்ரோல் வால்வு, பம்ப், கூலர். ஒன்றில் மட்டும் ஏறினால், சமீபத்தில் அந்த யூனிட்டில் வேலை நடந்ததா என்று கேளுங்கள். வால்வை முழுதாகத் திறக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது உள்ளே காற்று நிற்கும், வென்ட்டைத் திறந்தாலே சரியாகும்.

எக்ஸ்பான்ஷன் டேங்கில் குமிழி வந்து, தண்ணீர் அழுத்தமும் ஆடினால் சிலிண்டர் கவரிலோ லைனரிலோ விரிசல், எரியும் வாயு தண்ணீருக்குள் வருகிறது. அதிகம் சூடான யூனிட்டுக்குக் குளிர்ந்த தண்ணீரைத் திடீரென்று விடாதீர்கள், விரிசல் இல்லாத இடத்திலும் புதிதாக விழும். லோடைக் குறைத்து, தானே ஆறவிட்டு நிறுத்துங்கள்.

## சுற்று ஊசலாடுகிறது

கடல் அமைதியாக இருந்தும் சுற்று ஏறி இறங்கினால் கவர்னரைக் குறை சொல்லும் முன் லிங்கேஜைப் பாருங்கள். மூட்டுகளில் தளர்வு, காய்ந்துபோன கிரீஸ், ஒட்டிக்கொண்ட ஒரு ஃப்யூல் பம்ப். ஒவ்வொரு ரேக்கையும் கையால் அசைத்துப் பார்த்தால் எது கனக்கிறது என்று தெரியும்.

எண்ணெய் மாற்றிய உடனே இது தொடங்கியது என்றால் காரணம் வெளிப்படை. ஹெவி ஃப்யூலிலிருந்து டீசலுக்கு மாறும்போது வெப்பம் நிமிடத்துக்கு 2 டிகிரிக்கு மேல் மாறக் கூடாது. வேகமாக மாற்றினால் பிளஞ்சர் இறுகிப் பிடித்துக்கொள்ளும். டீசல் அதிகம் சூடாகி விஸ்காசிட்டி 2 சென்டிஸ்டோக்ஸுக்குக் கீழே போனாலும் பம்ப் கெடும். இவை எல்லாம் சரி என்றால்தான் கவர்னர் ஆயில், சுற்றைப் படிக்கும் பிக்கப், அமைப்பு எண்கள். அந்த எண்களை மாற்றுவது கவர்னர் நிபுணரின் வேலை.

## டிரெயின் ஆயிலில் இரும்பு ஏறுகிறது

இதற்கு அலாரம் கிடையாது, சத்தமும் இல்லை. ஸ்காவஞ்ச் பெட்டியின் அடியில் வடியும் டிரெயின் ஆயிலை மாதிரி எடுத்து அனுப்புகிறவருக்கு மட்டுமே தெரியும். மற்ற அறிகுறிகளைவிட இதற்கு அதிகக் கவனம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, ஏனென்றால் இங்கே பிடித்தால் சிலிண்டர் ஆயில் அளவை மாற்றுவதோடு போகும், விட்டால் லைனரையே மாற்ற வேண்டிவரும்.

எல்லா யூனிட்டிலும் ஒன்றாக ஏறினால் எரிபொருள் எண்ணெயைப் பாருங்கள். ரிஃபைனரியிலிருந்து வரும் அலுமினியம், சிலிக்கான் துகள்களை நாங்கள் கேட் ஃபைன்ஸ் என்போம். எண்ணெய் வாங்கும்போது ஒரு கிலோவுக்கு 60 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது ஐஎஸ்ஓ 8217 தரம், ஆனால் எஞ்சினுக்குள் போகும்போது 15க்குக் கீழே வர வேண்டும். அந்த இடைவெளியை மூடுவது, எண்ணெயைச் சுழற்றித் துகளைப் பிரிக்கும் பியூரிஃபையர். அதன் வெப்பம் 98 டிகிரியில் நிற்கட்டும், ஓட்டத்தைக் குறையுங்கள், இரண்டு இருந்தால் இரண்டையும் ஓட்டுங்கள். செட்லிங் டேங்க் டிரெயினைத் தவறாமல் திறந்துவிடுங்கள். கடல் கொந்தளிக்கும்போது டேங்கின் அடியில் படிந்த துகள் கலங்கி மேலே வரும் என்பதால் அந்த நாட்களில் இன்னும் கவனம் வேண்டும்.

எண்ணெய் சுத்தம், ஆனால் இரும்பு ஏறுகிறது என்றால் சிலிண்டர் ஆயில். கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தை முறிக்கும் காரத்தன்மை எண்ணெயின் கந்தகத்துக்குப் பொருந்த வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் கந்தகம் 0.50 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று ஆன பிறகு, புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவும் ஸ்க்ரப்பர் வைத்த கப்பலும் வைக்காத கப்பலும் வேறு வேறு ஆயில் போட வேண்டியிருக்கிறது. மெதுவாக ஓட்டும் கப்பலில் லைனர் சுவர் குளிர்ந்து அமிலம் அதில் படியும், அங்கே ஜாக்கெட் வெப்பத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். காரம் தேவைக்கு மேல் இருந்தாலும் கெடுதல்தான், பிஸ்டன் தலையில் வெள்ளைப் படிவு கட்டி லைனரைச் சுரண்டும்.

ஒரு யூனிட்டில் மட்டும் ஏறினால் அதன் லூப்ரிகேட்டர் ஆயில் தள்ளுகிறதா என்று பாருங்கள், அப்புறம் போர்ட் வழியாக ரிங்கைப் பாருங்கள். அடுத்த துறைமுகத்தில் லைனரை அளந்து, முந்தைய அளவோடு ஒப்பிடுங்கள். 1000 மணி ஓட்டத்துக்கு 0.1 மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருந்தால் அளவுகள், படங்கள், ஆயில் ரிப்போர்ட் மூன்றையும் சேர்த்து மேக்கருக்கு அனுப்பி, அவர்கள் பதில் வரும்வரை லோடைக் குறைத்தே ஓட்டுங்கள்.